விருந்தினரா, வீட்டாரா? – திருச்சபைக்குப் புதிதாக வருவோரை ஏற்றுக்கொள்ளுதல்

ஞாயிறு ஆராதனை முடிவுற்றபின் சபையார் ஆலய வாயிலில் கூடி நிற்கும் அரைமணி நேரத்தைக் கூர்ந்து நோக்கும் எவரும், அச்சபை தன்னைப்பற்றி உண்மையில் என்ன நம்புகிறது என்பதை அறிந்துகொள்ளலாம். உறவினர் உறவினரோடு நிற்பர். ஒரே ஊரினின்று வந்தோர் ஒரு வட்டமாகக் கூடுவர். சேகரக் குழுவினர் கணக்குப் பேசுவர். இவ்வட்டங்கள் எவற்றிலும் சேராத ஒருவர், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள திருமண அறிவிப்பை இருமுறை படித்துவிட்டு மெல்ல வெளியே நடப்பார். அவரை எவரும் விலக்கவில்லை, எவரும் சேர்த்துக்கொள்ளவுமில்லை.

புதிதாக வருவோரை வரவேற்க நம் சபைகளில் இன்று முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஆராதனையினிடையே அவர்களை எழுந்து நிற்கச் செய்து கைதட்டுகிறோம். வாயிலில் இருவர் நின்று புன்முறுவலோடு பாட்டுப் புத்தகம் கொடுக்கின்றனர். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதத் தாள் நீட்டப்படுகிறது. இவை யாவும் நல்லவையே. ஆயினும் வரவேற்றல் வேறு, ஏற்றுக்கொள்ளுதல் வேறு. வரவேற்பு வாயிலில் முடிந்துவிடும். ஏற்றுக்கொள்ளுதலோ வாயிலில் தொடங்குவது. புதிதாக வந்த ஒருவர்பொருட்டுச் சபை தன் இருக்கை முறையையும், தன் பேச்சையும், தன் பொறுப்புகளின் பங்கீட்டையும் மாற்றிக்கொள்ள முன்வருகிறதா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது நம் சொந்தத் தவறொன்று. நாம் ஊழியத்தில் அமர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஆலைகள் நிறைந்த ஒரு நகரச் சபைக்கு இளைஞர் ஒருவர் வரத் தொடங்கினார். தூணுக்குப் பின்னுள்ள கடைசி இருக்கையில் அமர்வார். ஆசீர்வாதம் முடிந்தவுடன் சென்றுவிடுவார். எட்டு வாரங்கள் சென்றபின் ஒரு ஞாயிறன்று அவரை வாயிலில் நிறுத்திக் கைகுலுக்கினோம். “தம்பிக்கு எந்த ஊர்?” என்று கேட்டோம். சொன்னார். நமக்கு அறிமுகமான ஊர்தான். “அந்த ஊரில் எந்தப் பக்கம்?” என்று மீண்டும் கேட்டோம். “கீழத்தெரு, ஐயா” என்றார். “நல்லது” என்று சொல்லிவிட்டு அடுத்து நின்றவரிடம் திரும்பினோம். அதன்பின் அவர் வரவில்லை. பல திங்கள் கழித்துப் பேருந்து நிலையத்தில் அவரைக் கண்டு, ஏன் வருவதில்லை என்று வினவியபோது அவர் சினமின்றிச் சொன்ன விடை இதுவே: “ஐயா, நீங்கள் என் தெருவைக் கேட்டீர்கள், பெயரைக் கேட்கவில்லையே.”

அந்த விடையின் வெளிச்சத்தில்தான் திருமறையையும் திருச்சபை வரலாற்றையும் மீண்டும் படித்தோம்.

1. ‘ஏற்றுக்கொள்’ என்னும் சொல்

உரோமர் திருமுகத்தின் 14, 15 ஆகிய அதிகாரங்களில் பவுல் ஏற்றுக்கொள்ளுதலைப்பற்றி விரிவாகப் பேசுகிறார். அங்கு அவர் ஆளும் கிரேக்க வினைச்சொல் ‘புரொஸ்லம்பனோ’ என்பதாகும். ‘லம்பனோ’ என்பது எடுத்தல், பற்றுதல் எனப் பொருள்படும். ‘புரொஸ்’ என்னும் முன்னொட்டு ஒன்றை நோக்கிச் செல்லுதலைக் குறிக்கும். ஆகவே ஒருவரைத் தன்பால் எடுத்துக்கொள்ளுதல், தன்னோடு இணைத்துக்கொள்ளுதல் என்பதே இதன் கருத்து. நம் தமிழ்த் திருமறை இச்சொல்லை ஓரிடத்தில் ‘சேர்த்துக்கொள்’ என்றும், பிறிதோரிடத்தில் ‘ஏற்றுக்கொள்’ என்றும் பெயர்த்துள்ளது. இரண்டும் பொருத்தமானவையே.

இதே சொல் புதிய ஏற்பாட்டில் வேறு இடங்களிலும் வருவது கருத்தூன்றி நோக்கத்தக்கது. அப்பொல்லோ எபேசு நகர்த் தொழுகைக்கூடத்தில் பேசக்கேட்ட பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவும், அவரிடமிருந்த குறையைப் பலர்முன் சுட்டாமல் தம்மோடு சேர்த்துக்கொண்டு விளக்கினர் (அப். 18:26). கப்பற்சேதத்திற்குத் தப்பிய பவுலையும் உடன் வந்தோரையும் மெலித்தா தீவின் மக்கள், மழையும் குளிருமான அவ்வேளையில், தீமூட்டிச் சேர்த்துக்கொண்டனர் (அப். 28:2). வீட்டைவிட்டு நீங்கிய அடிமையாகிய ஒநேசிமுவைத் தம்மையே ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொள்ளுமாறு பவுல் பிலேமோனிடம் வேண்டினார் (பிலே. 17). முதல் நிகழ்ச்சியில் கல்வியில் சிறந்த ஒருவர், இரண்டாவதில் நனைந்து நடுங்கிய அந்நியர், மூன்றாவதில் ஓர் அடிமை. மூவகையினர்க்கும் ஒரே சொல்தான். இவர்களை ஏற்றுக்கொண்டோருள் மெலித்தா மக்கள் கிறிஸ்தவரே அல்லர் என்பதையும் மறத்தலாகாது. திருச்சபைக்கு வெளியிலும் இப்பண்பு உண்டு. திருச்சபைக்குள் அது குறைவுபடுமாயின் அதற்கு மன்னிப்பில்லை.

உரோமர் திருமுகத்தின் பின்னணி இதனை மேலும் தெளிவாக்கும். கிலவுதியு பேரரசன் கி.பி. 49-ஐ ஒட்டி யூதரை உரோமை விட்டு வெளியேறக் கட்டளையிட்டான். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா ஆகியோரும் அவ்வாறு வெளியேறியவர்களே (அப். 18:2). அவன் 54-இல் இறந்தபின் யூதக் கிறிஸ்தவர் உரோமுக்குத் திரும்பியபோது, சபை பெரும்பாலும் புறவினத்தார் கையில் இருந்தது என்றும், உணவு பற்றியும் நாள்கள் பற்றியும் எழுந்த பூசல் அச்சூழலில் பிறந்தது என்றும் அறிஞர் பலர் கருதுவர். அவ்வாறாயின், அச்சபையில் முன்பு இருந்தவர்களே பின்பு புதியவர்களாக வந்து நின்றனர். அவர்களை வாதாடித் திருத்துவதற்காக அல்லாமல் வெறுமனே சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதே பவுலின் கட்டளை. கருத்தொற்றுமை ஏற்பட்டபின் ஏற்றுக்கொள்ளுதல் என்னும் வரிசையை அவர் தலைகீழாக மாற்றுகிறார். இதற்கு அவர் காட்டும் காரணம் ஒன்றே: கடவுள் முன்னரே அவரை ஏற்றுக்கொண்டார் (14:3), கிறிஸ்து முன்னரே உங்களை ஏற்றுக்கொண்டார் (15:7). எனவே வாயிலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் உரிமை நமக்கில்லை. அம்முடிவு நமக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

2. இருக்கை என்னும் இறையியல்

யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வரைந்து காட்டும் காட்சியை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். பொன்மோதிரமும் மினுக்கும் உடையும் அணிந்த ஒருவரும், கந்தை உடுத்த ஏழை ஒருவரும் ஒரே வேளையில் கூட்டத்துக்குள் வருகின்றனர். இருவரும் சபைக்குப் புதியவர்கள் என்பதைப் பொதுவாக நாம் கவனிப்பதில்லை. முன்பே அறிமுகமானவர்களாயின் அவரவர்க்கு வழக்கமான இடம் இருந்திருக்கும். எங்கே அமர்வது என்று தெரியாமல் நிற்போருக்கே ‘இங்கே’, ‘அங்கே’ என்று இடம் சுட்டப்படுகிறது. ஆகவே இப்பகுதி செல்வர், வறியர் பற்றிய பொதுவான அறிவுரை மட்டுமன்று. புதியவரை ஒரு சபை முதல் இரண்டு நிமிடங்களில் எவ்வாறு எடைபோடுகிறது என்பதைப்பற்றிய கடுமையான தீர்ப்புமாகும்.

மூன்றாம் நூற்றாண்டில் சீரியா நாட்டில் தோன்றிய ‘டிடஸ்காலியா’ என்னும் சபையொழுங்கு நூல் இதற்கு நடைமுறை வடிவம் தந்துள்ளது. வேற்றிடத்துச் சபையினின்று ஒருவர் வந்தால், அவர் எச்சபையைச் சேர்ந்தவர், மெய்யான விசுவாசத்தில் நிற்பவர்தாமா என்று உதவிக்குரு விசாரித்து, தக்க இடத்தில் அமர்த்தவேண்டும். வந்தவர் மூப்பராயின் அவ்வூர் மூப்பர்கள் அவரைத் தம்மோடு அமர்த்திக்கொள்ளவேண்டும். பேராயராயின் அவ்வூர்ப் பேராயர் அவரைத் தம்மருகே அமர்த்தி, மக்களுக்குப் போதிக்குமாறு வேண்டவேண்டும். பேராயர் போதித்துக்கொண்டிருக்கையில் உலகப் பெருமையுள்ள ஒருவர் வந்தால், அவர் பொருட்டுப் போதனையை நிறுத்தலாகாது. ஆனால் முதிர்ந்த ஏழை ஒருவர் வந்து இடமில்லாமற் போனால், பேராயரே தம் இருக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் அமரவேண்டியவராயினும் அவ்வாறே செய்யவேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது.

இந்த விதியின் ஆழத்தை நாம் எண்ணிப்பார்க்கவேண்டும். பழைய பேராலயங்களில் பேராயரின் இருக்கை அவருடைய அதிகாரத்தின் அடையாளம். அந்த இருக்கையே கடைசியாக வந்த ஏழைக்கு உரியதாகிறது. சபையில் எவரேனும் ஒருவர் எழுந்தாலொழியப் புதியவர்க்கு இடம் உண்டாவதில்லை.

3. நம் வரலாறு சொல்லும் பாடம்

சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706-ஆம் ஆண்டு. அடுத்த ஆண்டிலேயே முதல் திருமுழுக்குகள் நடைபெற்றன. புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் எழுந்தது. தமிழ் நற்செய்திப் பணியின் இச்சிறப்பான தொடக்கத்தை நன்றியோடு நினைவுகூரும் நாம், அதனோடு வந்த வேதனையையும் மறைத்தலாகாது. தரங்கம்பாடி, தஞ்சாவூர் முதலிய இடங்களின் சபைகளில் சாதியடிப்படையில் தனித்தனி இருக்கைகள் இருந்தன. திருவிருந்து பெறுவதிலும் முன்பின் என்னும் வரிசை இருந்தது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர் கிறிஸ்துவின் உடலில் சேர்க்கப்பட்டார். ஆனால் ஆலயத்தில் அவருடைய இடம் அவர் பிறப்பதற்கு முன்பே குறிக்கப்பட்டிருந்தது.

1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சாதி வேறுபாடு சபையில் தயக்கமின்றி, உடனடியாக, முடிவாக நீக்கப்படவேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். அதன்பின் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டு விலகினர். அவர்கள் கொள்கைவழி திருச்சபையை மறுத்தவர்கள் அல்லர். பாடல் இயற்றியோரும் உபதேசியாரும் அவர்களுள் இருந்தனர். புதியவர் அருகே அமர நேர்ந்ததே அவர்களுக்குத் தாங்க இயலாத இடறலாயிற்று. ஏற்றுக்கொள்ளுதல் என்பது இருக்கையை மாற்றுகிறதென்றால், முன்பே அமர்ந்திருந்தவர்க்கு அது இழப்பாகத் தோன்றும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இருக்கைகள் இன்று பொதுவாகப் பிரிக்கப்படுவதில்லை என்று நாம் ஆறுதல் அடையலாம். ஆனால் ‘எந்த ஊர், எந்தத் தெரு, யாருடைய மகன்’ என்னும் மூன்று வினாக்கள் அப்பழைய வேலையையே ஓசையின்றிச் செய்துவருகின்றன. நகரத்துக்கு வந்து குடியேறியவர் தம் மண்ணைச் சேர்ந்த ஒருவரைக் காணத் துடிப்பது இயல்பே. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் வினவப்படுபவர் அவ்வினாவினுள்ளே மறைந்திருக்கும் அளவுகோலை நன்கறிவார். விடை சொல்லும்போதே வினவியவரின் முகத்தையும் அவர் படித்துவிடுகிறார். ‘டிடஸ்காலியா’ காலத்து உதவிக்குருவும் புதியவரிடம் வினா எழுப்பினார். ஆனால் அது விசுவாசத்தைப்பற்றியது. நாமோ பிறப்பைப்பற்றி வினவுகிறோம். விசுவாசத்தைப்பற்றி ஒருபோதும் கேட்பதில்லை.

இவ்விடத்தில் நமக்குக் கிடைத்துள்ள ஓர் அரிய செல்வத்தையும் குறிப்பிடவேண்டும். 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், 1950-இல் அதன் திருவிருந்து ஆராதனை ஒழுங்கு வெளியாயிற்று. கேரளத்துச் சீரியத் திருச்சபைகளின் மரபினின்று சமாதானம் வழங்கும் முறை அதில் எடுத்தாளப்பட்டது. பிற்காலத்தில் உலகின் பல திருச்சபைகள் தம் வழிபாட்டைத் திருத்தியமைத்தபோது இவ்வொழுங்கை உற்றுநோக்கின. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு வைக்க, இருவரும் தத்தம் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடுவர். திருமேசையினின்று தொடங்கும் சமாதானம் வரிசைதோறும் கைமாறிக் கடைசி மனிதர்வரை சென்று சேரும். தீண்டாமை நிலவும் ஒரு நாட்டில் கையோடு கை சேரும் இவ்வழக்கின் பொருள் பெரிது. அருகிலிருப்பவர் இன்னார் என்று தெரிந்துகொள்ளாமலே அவர் கையைப் பற்றுகிறோம். அவரிடமிருந்து சமாதானத்தைப் பெறவும் செய்கிறோம். இதனை நம் சபைகளுள் பல, தூரத்தினின்று கைகூப்பும் ஒரு சடங்காகக் குறுக்கிவிட்டன. கைகூப்புதல் நம் பண்பாட்டில் மரியாதைக்குரியதே; ஆயினும் தூரத்தைக் காத்துக்கொள்ள அது உதவுகிறதா என்று ஒவ்வொரு சபையும் தன்னைச் சோதித்துக்கொள்ளவேண்டும்.

4. பதிவேடும் அதற்கு வெளியே நிற்போரும்

புதியவர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். வேறோர் ஊரின் ஆயரிடமிருந்து மாற்றுக் கடிதத்தோடு வருவோர் உளர். இது பழமையான வழக்கம்; கெங்கிரேயாவின் பெபேயாளுக்காகப் பவுல் எழுதிய பரிந்துரை (உரோ. 16:1-2) இதற்குச் சான்று. கடிதமின்றி வருவோர் பலர். வேறு மரபுச் சபையில் மனம் புண்பட்டு வருவோர் சிலர். கிறிஸ்தவரல்லாத குடும்பத்தினின்று, வீட்டாருக்குத் தெரியாமலோ, தெரிந்தும் அனுமதியின்றியோ வருகின்ற பெண்கள் உளர். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வடமாநிலங்களினின்று வந்து, மொழி தெரியாமல் பாடலின் இராகத்தை மட்டும் பற்றிக்கொண்டு அமர்ந்திருப்போரும் இன்று உளர்.

இவர்கள் அனைவரையும் ஒரே பதிவேட்டினால் அளக்க முயல்கிறோம். பெயர் எழுதவேண்டும், சந்தா கட்டவேண்டும், குறித்த காலம் கடந்தபின்னரே வாக்குரிமை. ஒழுங்கு தேவைதான். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும் நாளில்தான் தம் தந்தையின் பெயர் பதிவேட்டில் இல்லை என்பதை ஒரு குடும்பம் அறியுமானால், அவர் உயிரோடு நம்மிடையே அமர்ந்திருந்த ஆண்டுகளில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? சேகரத் தேர்தல் நெருங்கும்போது மட்டும் புதியவரின் வீட்டைத் தேடிச் செல்வது இதனினும் இழிந்தது.

பதிவேட்டில் பெயர் எழுதுவது சிலர்க்கு விலைமதிப்புள்ள செயல் என்பதையும் ஊழியர் உணரவேண்டும். பட்டியல் சாதியினர்க்கான 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் வரம்பு 1956-இல் சீக்கியர்க்கும், 1990-இல் பௌத்தர்க்கும் விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவர்க்கு விரிவாக்கப்படவில்லை. ஆகவே ஒடுக்கப்பட்ட மக்களுள் ஒருவர் கிறிஸ்தவரென வெளிப்படப் பதிவு செய்யும்போது, அவருடைய பிள்ளைகளின் கல்வியும் வேலையும் கேள்விக்குள்ளாகலாம். பதிவு செய்யத் தயங்கும் ஒருவரை ‘அரைக் கிறிஸ்தவர்’ என்று பழிப்பதற்கு முன், அவர் கொடுக்கவேண்டிய விலையில் ஒரு காசேனும் நாம் கொடுத்ததுண்டா என்று எண்ணவேண்டும்.

‘டிடக்கே’ என்னும் பழைய நூலின் கையெழுத்துப்படியை 1873-இல் பிரையெனியோஸ் என்னும் கிரேக்கக் குருவானவர் கண்டெடுத்து, 1883-இல் பதிப்பித்தார். வழிப்போக்கராக வரும் ஒருவர்க்கு இரண்டு மூன்று நாள்கள் இடம்கொடுக்கவேண்டும் என்றும், அவர் நிலையாகத் தங்க விரும்பினால் தம் கைத்தொழிலால் பிழைக்கட்டும் என்றும், தொழில் தெரியாதவராயின் அவர் சோம்பியிராதபடி சபையே தன் அறிவுக்கேற்ப ஏற்பாடு செய்யவேண்டும் என்றும் அது கூறுகிறது. ஏமாற்றுவோரைப்பற்றிய எச்சரிக்கையும் அதில் உண்டு. அன்பும் விழிப்பும் சேர்ந்தே நடக்கின்றன. ஆயினும் நாம் கற்கவேண்டிய முதன்மையான பாடம் வேறு. விருந்து மூன்று நாள். அதன்பின் அவர்க்கு உறைவிடமும் உழைப்பும் வேண்டும். நகரத்துக்கு வேலை தேடி வந்த ஒருவரின் வயிற்றைப்பற்றியும் வாடகை வீட்டைப்பற்றியும் பேசாத வரவேற்பு, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிய அச்சிறு நூலின் அளவுக்கும் வளரவில்லை.

5. உடன் நடப்பவரும் பொறுப்பும்

எருசலேமுக்கு வந்த சவுலைச் சீடர் நம்பவில்லை, அஞ்சினர். பர்னபா அவரை அழைத்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் சென்றார் (அப். 9:26-27). பின்னர் அந்தியோகியாவில் பணி பெருகியபோது, அவரே தர்சுவுக்குச் சென்று சவுலைத் தேடிக் கொண்டுவந்து, ஓராண்டு முழுவதும் அவரோடு சேர்ந்து போதித்தார் (11:25-26). பர்னபாவின் முதற்செயல் அறிமுகம். இரண்டாம் செயல் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுதல். நாம் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம். புதியவர் நன்றாகப் பாடுவார் என்று தெரிந்தும் பாடகர் குழுவில் இடமில்லை. கணக்கில் தேர்ந்தவர் என்று தெரிந்தும் காணிக்கை எண்ண அழைப்பதில்லை.

இப்போலித்து எழுதியதாக மரபு கூறும் ‘அப்போஸ்தல மரபு’ என்னும் நூலில், திருமுழுக்குக்கு ஆயத்தமாவோர் பொதுவாக மூன்றாண்டுகள் போதனை பெற்றனர் என்று காண்கிறோம். ஒவ்வொருவரையும் சபைக்கு அழைத்துவந்தவர் அவருக்காகச் சாட்சி சொல்லவேண்டும். இறுதியில் அவர் கைம்பெண்களை மதித்தாரா, நோயுற்றோரைச் சென்று கண்டாரா என்று கேட்கப்படும். ஆயத்தக் காலத்திலேயே அவர் கைம்பெண்களின் வீடுகளுக்கும் நோயாளிகளின் படுக்கையருகேயும் சென்றிருந்தார் என்பது இதனால் விளங்கும். முழு உறுப்பினர் ஆகும் முன்பே சபையின் பணியில் அவருக்குப் பங்கு இருந்தது.

தமிழில் ‘விருந்து’ என்னும் சொல் பழங்காலத்தில் புதுமையைக் குறித்தது. தொல்காப்பியத்திலும் அது அப்பொருளில் வருகிறது. புதிதாக வந்தவரே விருந்தினர் ஆனார். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே அமைத்தார். அவ்வுயர்ந்த பண்பாடு திருச்சபைக்கும் உரியதே. ஆயினும் விருந்தினர் விருந்தினராகவே இருப்பின், நெடுநாள் தங்க இயலாது. அவருக்குச் சிறந்த தட்டில் பரிமாறுவோம், அடுக்களைக்குள் விடமாட்டோம். எபேசியர் திருமுகம் அந்நியரும் வழிப்போக்கரும் கடவுளின் வீட்டார் ஆயினர் என்று கூறுகிறது (2:19). வீட்டாருக்கு அடுக்களையும் உரியது. நெல்லை, தூத்துக்குடிப் பகுதிச் சபைகளில் நடக்கும் அசனப் பண்டிகையை எண்ணிப்பாருங்கள். பந்தியில் அமர்ந்து உண்ணும் புதியவர் இன்னும் விருந்தினரே. அடுப்பருகே நின்று அரிசி களையவும், வாளி ஏந்திப் பரிமாறவும் அவர் அழைக்கப்படும் நாளில் வீட்டார் ஆகிறார். அவர் சமைத்ததை நாம் உண்போமா என்பதும் அந்நாளில் தெரிந்துவிடும்.

6. நடைமுறைக்குச் சில குறிப்புகள்

முதலாவதாக, ஆராதனையினிடையே புதியவரை எழுந்து நிற்கச் செய்வதைத் தவிர்க்கலாம். கூச்சமுள்ளோரும், வீட்டார் அறியாமல் வந்தோரும் அதனால் அஞ்சுவர். ஆராதனைக்குப்பின் தனியே பேசுவதே நலம்.

இரண்டாவதாக, வாயிலில் நிற்போர்க்கு ஒரு பயிற்சி தேவை. முதலில் பெயரைக் கேட்டு, அதனை நினைவில் இருத்தவேண்டும். அடுத்து, எங்கே தங்கியிருக்கிறார், ஏதேனும் தேவை உண்டா என்று வினவலாம். பிறந்த ஊரும் குடும்பமும் அவராகவே சொல்லும்போது தெரிந்துகொள்ளத்தக்கவை.

மூன்றாவதாக, புதியவர் ஒவ்வொருவருக்கும் ஆறு திங்கள் உடன்நடக்க ஒரு குடும்பத்தை நியமிக்கலாம். அக்குடும்பம் வேறு தெருவையும் வேறு உறவையும் சார்ந்ததாக இருத்தல் வேண்டும். தம் இனத்தாரிடமே தம்மவரை ஒப்படைப்பது பழைய இருக்கை முறையின் மறுபதிப்பாகும். அக்குடும்பம் புதியவரை ஒருமுறையேனும் தன் வீட்டு உணவுக்கு அழைக்கவேண்டும். அவர் வீட்டில் ஒருமுறையேனும் உண்ணவேண்டும்.

நான்காவதாக, மூன்று திங்களுக்குள் அவரவர் வரத்துக்கேற்ற ஒரு சிறு பொறுப்பாவது கொடுக்கப்படவேண்டும். வீட்டுச் செபக்கூட்டத்தில் பாடம் வாசிப்பது, ஞாயிறு பள்ளியில் துணைநிற்பது, நோயுற்றோரைக் காணச் செல்வோருடன் செல்வது ஆகியவை உறுப்பினர் பதிவுக்குக் காத்திருக்கவேண்டியவை அல்ல.

ஐந்தாவதாக, வராதவர்களை எண்ணவேண்டும். நம் ஆண்டறிக்கைகள் புதிதாகச் சேர்ந்தோரைக் கணக்கிடுகின்றன. வந்து, சில வாரங்கள் அமர்ந்து, பின் வராமற்போனவர்களை அவை கணக்கிடுவதில்லை. அப்பெயர்களை எழுதிவைத்து, சேகரக் குழு ஆண்டுக்கொருமுறை ஒவ்வொருவரும் ஏன் வரவில்லை என்று கேட்டறிவது மனந்திரும்புதலின் நல்ல தொடக்கமாக அமையும்.

முடிவாக

‘பாரிஷ்’ என்னும் சொல்லின் மூலம் ‘பரோய்க்கியா’ என்னும் கிரேக்கச் சொல். அதற்கு அயல்நாட்டில் தற்காலிகமாகக் குடியிருத்தல் என்பது பொருள். முதற்கால உரோமைச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய மடலில், தன்னை உரோமில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் சபை என்றே அறிமுகம் செய்துகொண்டது. நாம் அதற்கு ஆளும் சொல்லோ ‘சேகரம்’. ஒன்றுசேர்த்தல் என்பது அதன் கருத்து. இரண்டையும் இணைத்துப் பார்ப்போமாயின், இவ்வுலகில் நிலையான குடியுரிமை இல்லாதோர், தம்மைப்போலவே வந்து நிற்பவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடமே சபை எனலாம். பழைய உறுப்பினரும் முன்னொரு நாள் புதியவராக வந்தவரே. அவருக்கு முன் இருந்தவர் எவரோ எழுந்து இடம்கொடுத்ததால்தான் அவர் இன்று அமர்ந்திருக்கிறார்.

பேருந்து நிலையத்தில் அன்று நாம் அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டோம், பெயரையும் கேட்டோம். அவர் சொன்னார். மீண்டும் சபைக்கு வருமாறு அழைத்தபோது, வேறொரு சபையில் சேர்ந்துவிட்டதாகவும், அங்கே ஞாயிறு பள்ளியில் சிறுவர்க்குக் கற்பிப்பதாகவும் கூறினார். நம் சபை இழந்ததை மற்றொரு சபை பெற்றுக்கொண்டது. அதற்காகக் கடவுளைத் துதித்தோம். நமக்காக வெட்கமும் அடைந்தோம்.

அருட்பணிக்கு ஆயத்தமாகும் மாணவர்கள் விரைவில் ஏதேனும் ஓர் ஆலயத்தின் வாயிலில் நின்று கைகுலுக்கப் போகின்றனர். பிரசங்கத்துக்காக அவர்கள் பல மணி நேரம் ஆயத்தம் செய்வர், அது கடமை. ஆனால் வாயிலில் கேட்கப்போகும் முதல் வினாவுக்கும் ஆயத்தம் தேவை. நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயர்சொல்லி அழைக்கிறார் என்று யோவான் நற்செய்தி சாட்சி பகர்கிறது (10:3). அவருடைய ஊழியராகிய நாமும் பெயரிலிருந்தே தொடங்குவோமாக.